மூன்று ஆசனம் கேட்டவருக்கு ஒரு ஆசனம்: வருகிற தரவை மொழி எப்படிக் கையில் தர வேண்டும்?

வெள்ளவத்தை06
திங்கள், இரவு 10.20

வெள்ளவத்தையிலிருந்து இரவில் யாழ்ப்பாணம் போகும் பஸ்களுக்கு ஆசனம் பதிகிற தளம் ஒன்றை நானும் இன்னொருவரும் பிஎச்பி என்ற வலை நிரல்மொழியில் எழுதிப் பராமரிக்கிறோம். போன வெள்ளிக்கிழமை தாய், தகப்பன், சின்னப் பிள்ளை என்று ஒரு குடும்பம் 21, 22, 23 ஆம் ஆசனங்களைத் தெரிவு செய்து பதிந்திருந்தது. இரவு பெட்டிகளோடு காலி வீதியில் வந்து நின்றபோது நடத்துநரின் தாளில் அவர்கள் பெயருக்கு நேரே 23 மட்டும்தான் இருந்தது. மற்ற இரண்டும் வேறு ஆட்களுக்குப் போய்விட்டன. தாய் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போனார். தகப்பன் அடுத்த பஸ்ஸுக்கு நின்றார். பணம் பஸ்ஸில் கொடுப்பது என்பதால் தொகையைப் பார்த்துக் கண்டுபிடிக்கவும் வழி இருக்கவில்லை.

வருகிற கோரிக்கைகளை நாங்கள் ஒரு கோப்பில் அப்படியே சேமிக்கிறோம். அதைத் திறந்து பார்த்தேன். பிரவுசர் ஒழுங்காகத்தான் அனுப்பியிருக்கிறது: ஆசனம்=21&ஆசனம்=22&ஆசனம்=23. மூன்றும் சேர்வருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. படிவத்தில் வந்ததை நிரலுக்குத் தருகிற போஸ்ட் அரே என்ற பட்டியலில் பிஎச்பி போட்டது 23 ஐ மட்டும். ஒரே பெயரில் பல மதிப்புகள் வந்தால் அது கடைசியை வைத்துக்கொண்டு மிச்சத்தை விட்டுவிடும். பிழைச் செய்தியும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. படிவத்தில் புலத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சோடி சதுர அடைப்புக்குறி [] இருந்திருந்தால் மூன்றும் வந்திருக்கும். புதுப் பக்கத்தை வடிவமைத்தபோது அது விடுபட்டுப் போனது. விட்டது நாங்கள்தான், அந்தக் குடும்பத்திடம் மன்னிப்பும் கேட்டோம்.

ஆனாலும் மனம் ஆறவில்லை. வந்த மூன்றில் இரண்டைத் தூக்கி எறிய மொழிக்கு என்ன உரிமை? என் நிலைப்பாடு இது: வலைக்கென்று இருக்கிற ஒரு மொழி, வந்த தரவை வந்தபடி, எந்த வழியாக வந்தது என்று பிரித்து, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தர வேண்டும். மாற்றுவதும் மறுப்பதும் நிரல் எழுதுகிறவரின் வேலை. உங்கள் அனுபவம் எப்படி?


மூன்றாம்வருடம்
திங்கள், இரவு 11.05

அண்ணா, எங்களுக்குக் கம்பஸில் ரிக்வெஸ்ட் அரேயைப் பாவிக்கச் சொல்லித்தான் காட்டினார்கள். கெட் வழியாக (முகவரியில்) வந்தாலும் போஸ்ட் வழியாக (கோரிக்கையின் உடலில்) வந்தாலும் ஒரே இடத்தில் எடுக்கலாம், இலகு என்று. அதில் என்ன பிழை? சதுர அடைப்புக்குறியை மறக்காமல் போட்டால் பிரச்சினை முடிந்துவிடும்தானே?


பழையகோட்
செவ்வாய், காலை 6.40

தம்பி, நல்ல கேள்வி. நான் 2001 இல் இந்த வேலைக்கு வந்தவள், அதனால் கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன். பிஎச்பி இந்த விஷயத்தில் வந்த வழியைப் பார்த்தால்தான் வெள்ளவத்தை தம்பி ஏன் கோபப்படுகிறார் என்று விளங்கும்.

நான் படித்த காலத்தில் இப்போதைய கெட் அரேயும் இல்லை, போஸ்ட் அரேயும் இல்லை. ரெஜிஸ்டர் குளோபல்ஸ் என்று ஓர் அமைப்பு இருந்தது. படிவத்தில் பெயர் என்று ஒரு புலம் இருந்தால், நிரலுக்குள்ளே பெயர் என்று ஒரு மாறி தானாக முளைத்துவிடும். எங்களுக்கு அது சொர்க்கம் மாதிரி இருந்தது. பிறகுதான் அதன் மறுபக்கம் தெரிந்தது. கடவுச்சொல் சரியென்றால் அட்மின் என்ற மாறியில் 1 ஐப் போடு என்று ஒரு வரி, அட்மின் 1 என்றால் கதவைத் திற என்று அடுத்த வரி. முதலில் அதை 0 ஆக்க யாருக்கும் நினைவு வராது. வெளியிலிருந்து ஒருவன் முகவரியின் கடைசியில் கேள்விக்குறி போட்டு அட்மின்=1 என்று எழுதினால் போதும், கடவுச்சொல்லே தேவையில்லை. எங்கள் கந்தோரில் ஒரு பொருள் விற்பனைத் தளத்தை இதே வழியில் திறந்து காட்டியவன் வாடிக்கையாளரின் மகன், பதினான்கு வயது இருக்கும்.

2001 டிசம்பரில் பிஎச்பி 4.1 வந்தபோதுதான் கெட், போஸ்ட், குக்கி (பிரவுசர் வைத்திருந்து திருப்பி அனுப்பும் சின்னத் தரவு) அரேக்கள் இப்போது இருக்கிற வடிவில் வந்தன. 2002 இல் 4.2 வந்தபோது ரெஜிஸ்டர் குளோபல்ஸ் இயல்பாகவே அணைக்கப்பட்டது. அதை முழுதாகத் தூக்கியது 2012 இல், 5.4 இல். பத்து வருடம் எடுத்தது. மொழி ஒரு தடவை கொடுத்துவிட்ட வசதியைத் திருப்பி வாங்க அவ்வளவு காலம் பிடிக்கிறது.

இதைவிட என்னை அலைக்கழித்தது மஜிக் கோட்ஸ். எஸ்கியூஎல் ஊடுருவலை, அதாவது படிவத்தில் எழுதியது தரவுத்தளக் கட்டளையாக மாறுவதைத் தடுக்கிறேன் என்று, வருகிற ஒவ்வொரு ஒற்றை மேற்கோளுக்கும் முன்னால் ஒரு பின்சாய்கோடு போட்டுவிடும். கொழும்பில் இருந்துகொண்டு இதைக் கவனிக்காமல் இருக்க முடியுமா? டி'சில்வா, டி'சூசா என்று எத்தனை பறங்கிப் பெயர்கள், கத்தோலிக்கப் பெயர்கள். ஒரு படிவத்தில் பிழை வந்து பக்கம் திரும்பக் காட்டப்படும்போது பெயர் டி\'சில்வா என்று நிற்கும். அவர் அதைத் திருத்தாமல் மறுபடி அனுப்பினால் டி\\\'சில்வா. மூன்றாம் தடவை ஏழு சாய்கோடு. கொட்டாஞ்சேனை வாடிக்கையாளர் பட்டியல் ஒன்றில் சாய்கோடுகளைப் பிடுங்கி எடுக்க எனக்கு இரண்டு நாள் போனது. அந்த அமைப்பும் அதே 5.4 இல்தான் ஒழிந்தது.

ரிக்வெஸ்ட் அரேக்கு வருகிறேன். அதில் எது எதை மேவும் என்பது சேர்வரின் அமைப்பைப் பொறுத்தது. கெட், போஸ்ட் இரண்டும் மட்டும் இருக்கலாம், குக்கியும் சேர்ந்து வரலாம். உன் கணினியில் ஒரு மாதிரி, ஹோஸ்டிங்கில் இன்னொரு மாதிரி. அழி என்ற கட்டளை படிவத்தில் வந்ததா, யாரோ அனுப்பிய இணைப்பில் வந்ததா என்று தெரியாமல் ஒரு பதிவை அழிக்கிற நிரலை நீ எழுதலாமா?


கொழும்பு13
செவ்வாய், காலை 9.15

அக்கா சொன்ன வரலாறு சரி. ஆனால் அதிலிருந்து எடுக்கிற முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை.

இங்கே பிஎச்பி எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் யார்? ஜம்பட்டா வீதியில் கடை வைத்திருக்கிறவரின் தளத்தை ஓர் இரவில் செய்து கொடுக்கிற பையன்கள். மலிவு ஹோஸ்டிங், பாதுகாப்பு என்று தனியாக ஒருவரும் இல்லை. வந்ததை வந்தபடி கொடு என்றால் அவர்கள் அதை அப்படியே தரவுத்தளத்தில் கொட்டி, அப்படியே பக்கத்தில் அச்சிடுவார்கள். மஜிக் கோட்ஸ் மோசமாகச் செய்யப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். நோக்கம் பிழையில்லை. வாசலிலேயே வடிகட்டி உள்ளே விடுகிற மொழிதான் சாதாரண ஆளைக் காப்பாற்றும். பிஎச்பி 5.2 இலிருந்து உள்ளீட்டை வடிகட்டுகிற ஃபில்டர் நீட்சி இருக்கிறதே, அதையே இயல்பாக்கிவிட்டால் என்ன?


வெள்ளவத்தை06
செவ்வாய், மதியம் 1.10

உங்கள் அக்கறை எனக்கு விளங்குகிறது, நானும் அந்தப் பையன்களில் ஒருவனாக இருந்தவன்தான். ஆனால் வாசலில் நிற்கிற மொழிக்கு அந்தத் தரவு எங்கே போகப்போகிறது என்று தெரியாது. அதே பெயர் தரவுத்தளத்துக்குப் போகலாம், எச்டிஎம்எல் பக்கத்துக்குப் போகலாம், குறுஞ்செய்திக்குப் போகலாம், பிடிஎஃப் பயணச்சீட்டுக்குப் போகலாம். ஒவ்வோர் இடத்திலும் ஆபத்தான எழுத்து வேறு வேறு. ஒற்றை மேற்கோள் எஸ்கியூஎல்லுக்கு ஆபத்து, குறுஞ்செய்தியில் அது வெறும் மேற்கோள்.

ஃபில்டர் நீட்சியில் சரத்தைச் சுத்தப்படுத்துகிற வடிகட்டி ஒன்று இருந்தது. மேற்கோள் குறியை அது எச்டிஎம்எல் குறியீடாக மாற்றிவிடும். எங்கள் பழைய நிரலில் அதைப் பாவித்தோம். விளைவு, டி'சில்வா என்ற பயணியின் கைத்தொலைபேசிக்குப் போன செய்தியில் டி&#39;சில்வா என்று இருந்தது. அக்காவின் சாய்கோட்டுக்குப் பதிலாக எங்களுக்கு 39. பிஎச்பி 8.1 இல் அந்த வடிகட்டியைக் கைவிடப்பட்டதாக அறிவித்துவிட்டார்கள்.

உங்கள் பையன்களைக் காப்பாற்ற வேண்டுமென்றால் வெளியே போகிற வாசல்களைக் காப்பாற்றுங்கள். தரவுத்தளத்துக்குப் போகும்போது இடங்குறித்த வினவல் (கட்டளையும் தரவும் தனித்தனியாகப் போவது), பக்கத்தில் அச்சிடும்போது ஆபத்தான எழுத்துகளைத் தானாக வெறும் எழுத்தாக்குகிற வார்ப்புரு. மொழி அதை இயல்பாக்கட்டும், நான் கைதட்டுகிறேன்.


ஜாவாப்பக்கம்
செவ்வாய், மாலை 5.50

பிஎச்பியை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள். ஒரே பெயர் மூன்று தடவை வந்தால் என்ன செய்வது என்பதில் ஒருவரும் ஒத்துப்போகவில்லை. ஜாவா சேர்வ்லெட்டில் ஒரு மதிப்பைக் கேட்டால் முதலாவது கிடைக்கும், அதாவது உங்கள் குடும்பத்துக்கு 21. பழைய ஏஎஸ்பியில் 21, 22, 23 என்று காற்புள்ளி போட்டு ஒட்டிய ஒரே சரம். பிஎச்பியில் 23. முன்னால் நிற்கிற பாதுகாப்புச் சுவர் முதலாவதைப் பரிசோதித்து, பின்னால் நிற்கிற நிரல் கடைசியை எடுத்தால் அந்த இடைவெளியில் யாரும் நுழையலாம். 2009 இல் இரண்டு இத்தாலிய ஆய்வாளர்கள் இதைப் பெயர் சூட்டி விளக்கிய பிறகுதான் பலரும் கவனித்தார்கள்.

கோ மொழி எனக்குப் பிடித்த மாதிரிச் செய்கிறது. ஒவ்வொரு பெயருக்கும் எப்போதும் ஒரு பட்டியல், ஒன்று வந்தாலும் பட்டியல்தான். ஆனால் அங்கும் ஃபோம்வேல்யூ என்று ஒரு குறுக்குவழி வைத்து, முகவரியில் வந்ததையும் உடலில் வந்ததையும் கலந்துவிட்டார்கள். எல்லாரும் அந்தக் குறுக்குவழியில்தான் போகிறார்கள்.

சதுர அடைப்புக்குறி பற்றி இன்னொன்று. தரவின் வடிவத்தை அது அனுப்புகிறவன் கையில் கொடுத்துவிடுகிறது. நீங்கள் பெயர் என்று ஒரு சரத்தை எதிர்பார்க்கிறீர்கள். அவன் பெயர்[]=அ என்று அனுப்பினால் உங்களுக்கு வருவது அரே. பிஎச்பி 8 இல் அதன் நீளத்தைக் கேட்டால் நிரல் அந்த இடத்திலேயே விழும். ஜாவாஸ்கிரிப்டைச் சேர்வரில் ஓட்டுகிற நோட் பக்கம் இது இன்னும் பயங்கரம். கடவுச்சொல் என்ற புலத்துக்குள் சமனில்லை என்ற மொங்கோ தரவுத்தள நிபந்தனையை அடைப்புக்குறிக்குள் வைத்து அனுப்பி, கடவுச்சொல் தெரியாமலே உள்ளே போன கதைகள் நிறைய.


மூன்றாம்வருடம்
செவ்வாய், இரவு 8.30

அப்படியென்றால் வருகிறதை உடனே எண்ணாக மாற்றிவிட்டால் பாதுகாப்புத்தானே? எண் என்றால் எண், அரே வராது.


பழையகோட்
செவ்வாய், இரவு 9.00

ஆசன இலக்கத்துக்குச் சரி, அது எண்ணுகிற எண். தொலைபேசி இலக்கம் எண் இல்லை தம்பி, இலக்கங்களால் எழுதிய பெயர். 077 என்று தொடங்குவதை எண்ணாக்கினால் முன்னால் உள்ள 0 போய்விடும். பழைய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கத்தோடு ஓர் ஆங்கில எழுத்து, புதியதில் 12 இலக்கம். இரண்டையும் ஒரே புலத்தில் வாங்க வேண்டும், எழுத்தாகவே வாங்க வேண்டும்.

இன்னும் ஒன்று பார். இரண்டு சரங்களும் எண் மாதிரித் தெரிந்தால் பிஎச்பியின் இரட்டைச் சமன்குறி அவற்றை எண்ணாகத்தான் ஒப்பிடும். 0 ஓடு தொடங்கும் இலக்கமும் 0 இல்லாத இலக்கமும் ஒன்றே என்று சொல்லும். பிஎச்பி 8 இலும் அப்படித்தான். மூன்று சமன்குறி போட்டுப் பழகு.

வெள்ளவத்தை தம்பி, +94 பிரச்சினை உங்களுக்கு வரவில்லையா?


வெள்ளவத்தை06
செவ்வாய், இரவு 9.40

வந்தது அக்கா, நீங்கள் கேட்டதும் நினைவு வருகிறது. உறுதிப்படுத்தும் இணைப்பில் +94 என்று இலக்கத்தை அப்படியே ஒட்டி அனுப்பினோம். சேர்வருக்கு வந்தபோது கூட்டல் குறி இருந்த இடத்தில் வெற்றிடம். படிவத் தரவின் விதிப்படி கூட்டல் குறி என்றால் வெற்றிடம்தான், அதனால் இதில் மொழியை நான் குறை சொல்ல மாட்டேன். இணைப்பை உருவாக்கும்போது நாங்கள் குறியாக்கம் செய்திருக்க வேண்டும், இப்போது செய்கிறோம்.

தமிழில் எழுதுகிற எங்களுக்கென்று இன்னொரு விஷயம் இருக்கிறது, இதைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. புறப்படும் ஊர் என்ற புலத்தில் ஒருவர் கொழும்பு என்று எழுதுகிறார். ஒற்றை ஒகரக் குறியை ஒரே யூனிகோட் குறியீடாக அனுப்பினால் முழுச் சொல்லும் 8 குறியீடு, யூடிஎஃப்-8 இல் 24 பைட். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் மூன்று எழுத்தாக வருவதால் 72 எழுத்து. கொம்பும் காலும் தனித்தனியாக வந்தால் 9 குறியீடு, 27 பைட். திரையில் இரண்டும் ஒன்றுதான், தரவுத்தளத்தில் தேடினால் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காமல் போகலாம். யூனிகோட் விதிப்படி இந்த இரண்டும் சமன் என்பதால் இயல்பாக்கினால், அதாவது ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தால், சரியாகிவிடும்.

கௌரி அப்படியில்லை. பலர் கொம்பைப் போட்டுப் பக்கத்தில் ளகரத்தை அடித்துவிடுவார்கள். கண்ணுக்குக் கௌரிதான், குறியீட்டில் கெ, ள, ரி. எந்த இயல்பாக்கமும் அதைத் திருத்தாது. பயணியின் பெயரைத் தேடும்போது நாங்களே இரண்டையும் ஒன்றாக எண்ணும்படி எழுதியிருக்கிறோம்.


கொழும்பு13
புதன், காலை 8.50

பார்த்தீர்களா, இதையாவது மொழி வாசலில் செய்யலாமே. எல்லாத் தமிழ்ச் சரத்தையும் இயல்பாக்கிக் கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்?


வெள்ளவத்தை06
புதன், காலை 10.30

பெயருக்கும் ஊருக்கும் நட்டமில்லை, நானே செய்கிறேன். ஆனால் பணம் செலுத்தும் சேவையிலிருந்து வருகிற அறிவித்தலை எடுங்கள். இப்போது அட்டையால் செலுத்தும் வசதியையும் எங்கள் தளத்தில் சோதித்துப் பார்க்கிறோம். உடல் முழுவதையும் இரகசியச் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்ட கையொப்பம் ஒன்று தலைப்பில் வரும். நாங்களும் அதே கணக்கைப் போட்டு ஒத்துப்பார்க்க வேண்டும். அதற்கு வந்த பைட்டுகள் அப்படியே வேண்டும். ஓர் ஒகரக் குறி மாறினாலும், ஒரு வெற்றிடம் குறைந்தாலும் கையொப்பம் பொருந்தாது. உண்மையான கொடுப்பனவைப் பொய் என்று நாங்கள் திருப்பி அனுப்புவோம். பிஎச்பியில் உள்ளீட்டு ஓடையைப் படித்து அதை எடுக்கலாம், அது நல்ல விஷயம். கோப்புகளோடு வருகிற பல பகுதிப் படிவத்துக்கு மட்டும் அந்த வழி மூடியிருக்கும்.

அப்புறம் புள்ளி. சில சேவைகள் புலங்களுக்குப் புள்ளி வைத்த பெயர் கொடுக்கும். பிஎச்பி அந்தப் புள்ளியை அடிக்கோடாக மாற்றித் தரும், வெற்றிடத்தையும் அப்படியே. ஏன் தெரியுமா? புலத்தின் பெயரே மாறியின் பெயராக ஆகிய காலத்தில், மாறியின் பெயரில் புள்ளி வரக்கூடாது. அக்கா சொன்ன ரெஜிஸ்டர் குளோபல்ஸ் 2012 இல் போய்விட்டது, அதற்காகச் செய்த மாற்றம் இன்றைக்கும் இருக்கிறது. இதைத்தான் நான் சொல்கிறேன்: வாசலில் மொழி ஒரு தடவை கைவைத்தால் காரணம் மறைந்த பிறகும் அந்தக் கை அங்கேயே இருக்கும்.


கொழும்பு13
புதன், மதியம் 12.20

கையொப்ப விஷயம் சரி, அதை நான் யோசிக்கவில்லை. மாற்றுவது வேண்டாம், விட்டுவிடுகிறேன். ஆனால் மறுக்கிற அதிகாரம் மொழிக்குக் கட்டாயம் வேண்டும். 2011 கடைசியில் ஒரே ஹேஷ் (பெயரை வேகமாகத் தேட மொழி கணக்கிடும் எண்) வருகிற மாதிரி ஆயிரக்கணக்கான புலப் பெயர்களை அனுப்பி சேர்வரைத் திணறடிக்கிற வழி பகிரங்கமானது. பிஎச்பி மட்டுமில்லை, பல மொழிகள் மாட்டின. அடுத்த மாதமே 5.3.9 இல் உள்ளீட்டு எண்ணிக்கைக்கு 1000 என்று வரம்பு வைத்தார்கள். வந்ததெல்லாம் வந்தபடி என்றால் அந்த வரம்பும் இருக்க முடியாதே?


பழையகோட்
புதன், மாலை 6.15

வரம்பு வேண்டும். தாண்டினால் என்ன நடக்கிறது என்பதுதான் என் மனக்குறை. ஒரு ரியூஷன் வகுப்புக்குப் புள்ளிகள் பதிகிற பக்கம் செய்து கொடுத்தேன். 40 பிள்ளைகள், ஆளுக்கு 30 பெட்டி, ஆக 1200. ஆசிரியை ஒரு பின்னேரம் முழுக்க இருந்து அடித்துச் சேமித்தார். 33 பிள்ளைகளின் புள்ளி முழுதாகப் பதிந்தது, 34 ஆவது பிள்ளைக்குச் சில பெட்டிகள், அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. பக்கத்தில் வெற்றிகரமாகச் சேமிக்கப்பட்டது என்று பச்சையில் வந்தது. எச்சரிக்கை சேர்வரின் பிழைக் கோப்பில் ஒரு மூலையில் கிடந்தது. அந்த ஆசிரியை எனக்குத் தொலைபேசி எடுத்து "பிள்ளை, நான் ஏதாவது பிழையாக அமத்திவிட்டேனா?" என்று கேட்டார். அவர் ஒன்றும் பிழை செய்யவில்லை.

கோப்புப் பதிவேற்றமும் இதே கதை. போஸ்ட் அளவின் வரம்பு இயல்பில் 8 எம்பி. இப்போதைய கைத்தொலைபேசியில் எடுத்த இரண்டு படத்தைச் சேர்த்தால் அதைத் தாண்டலாம். தாண்டினால் போஸ்ட் அரே வெறுமை. நிரல் பெயரைத் தேடும், இல்லை, உங்கள் பெயரை எழுதவும் என்று கேட்கும். பெயரை எழுதிய மனிதர் திகைத்துப்போவார். வரம்பு தாண்டினால் கோரிக்கை முழுவதையும் நிராகரித்து, காரணத்தைச் சொல்ல வேண்டும். பாதியை உள்ளே விடுவது மிகப் பெரிய பிழை.


வெள்ளவத்தை06
புதன், இரவு 9.25

அக்கா சொன்னதுதான் இந்த இழையில் எனக்குக் கிடைத்த தெளிவு. முழுதாகத் தா, அல்லது முழுதாக மறு.

நான் கேட்கிற வடிவத்தைச் சொல்கிறேன். ஒரு கோரிக்கைக்கு ஒரு பொருள், உள்ளே இருப்பதை யாரும் மாற்ற முடியாது. முகவரியில் வந்தது, உடலில் வந்தது, குக்கி, கோப்பு எல்லாம் தனித்தனி. கெட் என்ற பெயரே வேண்டாம், போஸ்ட் கோரிக்கையின் முகவரியில் கேள்விக்குறிக்குப் பின்னால் வருவதும் அந்த அரேக்குள்தானே போகிறது. பைட்டுகள் கேட்டால் பைட்டுகள். ஒரு மதிப்பு வேண்டுமென்றால் ஒன்று என்று கேட்பேன், பல வேண்டுமென்றால் பட்டியல் என்று கேட்பேன். ஒன்று என்று கேட்டு மூன்று வந்திருந்தால் அந்த இடத்திலேயே பிழை எழ வேண்டும். அப்படி இருந்திருந்தால் அந்தக் குடும்பத்தின் பதிவு திரையிலேயே நின்றிருக்கும், காலி வீதி வரை வந்திருக்காது.

இதில் பாதி ஏற்கெனவே இருக்கிறது. 2015 இல் வந்த பிஎஸ்ஆர்-7 இடைமுகம் மாற்ற முடியாத கோரிக்கைப் பொருளைத் தந்தது, ஆனால் அது நூலகங்களுக்கு இடையிலான உடன்பாடு, மொழியின் பாகமில்லை. மொழிக்குள்ளேயே கோரிக்கைப் பொருள் வேண்டும் என்று 2020 இல் ஒரு முன்மொழிவு வந்து வாக்கெடுப்பில் தோற்றது. பிஎச்பி 8.4 இல் புட், பாட்ச் என்ற மற்றக் கோரிக்கை வகைகள் வழியாக வருகிற படிவ உடலையும் பிரித்தெடுக்க ஒரு செயற்கூறு சேர்த்தார்கள், மெல்ல நகர்கிறது. மொழிக்கு மேலே கட்டிய ஆயத்தச் சட்டகமான ஃப்ரேம்வேர்க் இருக்கிறதே என்று சொல்வீர்கள். பெரும்பாலானவை பிஎச்பி கொடுத்த அரேக்களிலிருந்துதான் தொடங்குகின்றன. அடியில் 21 உம் 22 உம் தொலைந்த பிறகு மேலே எவ்வளவு அழகான பொருள் இருந்தாலும் அவை திரும்பி வராது.


ஜாவாப்பக்கம்
புதன், இரவு 10.10

ஒன்று என்று கேட்டுப் பல வந்தால் பிழை என்பது எனக்குப் பிடித்திருக்கிறது. எங்கள் ஜாவா நிரலில் நாளைக்கே ஒரு சின்ன உறை எழுதிப் பார்க்கிறேன். ஒரேயொரு சேர்க்கை: எதிர்பாராத புலம் வந்தாலும் கவனிக்க வேண்டும். 2012 இல் நிரல்களைச் சேமிக்கிற கிட்ஹப் தளத்தில் நடந்தது அதுதான். படிவத்தில் இல்லாத ஒரு புலத்தை ஒருவர் சேர்த்து அனுப்ப, ரெயில்ஸ் என்ற ஃப்ரேம்வேர்க்கில் எழுதிய நிரல் அதையும் வாங்கி வேறொருவர் கணக்கில் அவருடைய சாவியைச் சேர்த்துவிட்டது. எந்தப் புலத்தை ஏற்பது என்று பெயர் சொல்லி அனுமதிக்கிற முறை அடுத்த வருடம் ரெயில்ஸ் 4 இல் இயல்பானது.


மூன்றாம்வருடம்
வியாழன், இரவு 7.45

நேற்று இரவு என் ஒப்படையைத் திறந்து, பெயர் புலத்துக்கு அரே அனுப்பிப் பார்த்தேன். வெள்ளைப் பக்கம், 500 (சேர்வர் பிழை). பிறகு ரிக்வெஸ்ட் அரேயை எடுத்துவிட்டு போஸ்டை மட்டும் வைத்து, சரம் இல்லையென்றால் நிறுத்து என்று எழுதினேன். நிறுத்தும்போது என்ன குறியீடு அனுப்புவது அக்கா? இப்போதைக்கு எல்லாம் சரி என்கிற 200 தான் போகிறது, பக்கத்தில் மட்டும் பிழை என்று காட்டுகிறேன்.


பழையகோட்
வியாழன், இரவு 8.05

400 அனுப்பு, வந்த கோரிக்கை பிழை என்று அர்த்தம். எந்தப் புலம் என்று பெயரையும் போடு, தமிழில் போடு.